வலிக்காமல் ஆடும் பற்கள்

(அம்பத்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தொழிற்பேட்டை நண்பர்களே!

பல் டாக்டரைப் பேசக் கூப்பிட்டால் பல் விளக்குவதைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதையும் சொல்கிறேன், கடைசியில். அதற்கு முன்னால் உங்களை இலங்கை மலையகத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஈறு நோயைப் பற்றி உலகம் முழுக்கப் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கிற முக்கியமான பாடம் ஒன்று தமிழர்களின் வாயைப் பார்த்து எழுதப்பட்டது. நம் ஊரில் இதை யாரும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை.

ஹரால்டு லோ என்று ஒரு நார்வேக்காரர். ஈறு நோய் ஆராய்ச்சியில் அவர் பெயர் இல்லாத புத்தகம் கிடையாது. 1970-ல் அவரும் அவருடைய குழுவினரும் இலங்கையில் இரண்டு தேயிலைத் தோட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே வேலை செய்த ஆண் தொழிலாளர்கள் 480 பேரின் வாயைப் பரிசோதித்துக் குறித்துக்கொண்டார்கள். எல்லோரும் இளவயதுக்காரர்கள்; பதினைந்து வயதை ஒட்டியவர்களிலிருந்து முப்பது வயது வரை. திடகாத்திரமான உடம்பு. ஆனால் பிரஷ், பேஸ்ட் என்று எதையும் வைத்துப் பல் விளக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. பல் மருத்துவமும் அவர்களை எட்டவில்லை. அதே ஆட்களை மறுபடி மறுபடி போய்ப் பார்த்து, 1985 வரை அளந்துகொண்டே இருந்தார்கள். இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி தோட்டத்துக் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகத் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறிய காலம் அது. கடைசிப் பரிசோதனைக்குக் கிடைத்தவர்கள் 161 பேர்.

பார்த்தது என்ன? எல்லார் பல்லிலும் அழுக்கு, காரை, கறை. ஏறக்குறைய எல்லார் ஈறும் வீங்கிச் சிவந்திருந்தது. சொத்தைப் பல் மட்டும் அநேகமாக இல்லை. இதுவரை ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆச்சரியம் அடுத்ததில் இருக்கிறது. அத்தனை பேருக்கும் ஒரே வேலை, ஒரே சோறு, ஒரே அழுக்கு. ஆனால் நோய் எல்லாரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. 100-ல் 8 பேருக்குப் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு மளமளவென்று கரைந்தது. 81 பேருக்கு நிதானமாகக் கரைந்தது. மீதி 11 பேருக்கு ஈறு வீங்கியிருந்ததே தவிர, அதைத் தாண்டி ஒன்றுமே ஆகவில்லை.

அந்த 8 பேரின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 35 வயதில், பல்லை விட்டு ஈறும் எலும்பும் இறங்கிய அளவு சராசரியாக 9 மில்லிமீட்டர். 45 வயதில் 13 மில்லிமீட்டர். ஒரு பல்லின் வேரே சராசரியாக அந்த நீளம்தான். அதாவது 45 வயதில் பிடிமானம் என்று எதுவும் மிச்சமில்லை. நடுவில் இருந்த 81 பேருக்கு அதே 45 வயதில் 7 மில்லிமீட்டர், வேரில் பாதி.

ஓர் ஆராய்ச்சிக் குழு பதினைந்து வருஷம் ஒரு நோயைக் கூடவே இருந்து அளந்துகொண்டிருக்கலாமா என்று கேட்டால், இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அதற்குக் கையெழுத்துப் போடாது என்றுதான் நினைக்கிறேன். அந்த விவாதத்தை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்வோம். நம் ஜனங்களின் பல்லை வைத்துக் கற்ற பாடத்தின் பலன் முதலில் நம் ஜனங்களுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இந்த 8, 81, 11 கணக்கை ஏன் இவ்வளவு நேரம் சொன்னேன் என்றால், என் கிளினிக்கில் வாரம் தவறாமல் கேட்கும் ஒரு வாதத்துக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. “எங்க தாத்தா ஆயுசு பூரா வேப்பங்குச்சிதான் டாக்டர். தொண்ணூறு வயசுல முறுக்கு கடிச்சாரு.” உண்மையாக இருக்கும். தாத்தா அந்த 11 பேரில் ஒருவர். பேரன் எதில் இருக்கிறார் என்பது தாத்தாவின் பல்லைப் பார்த்தால் தெரியாது. பேரனின் ஈறை அளந்தால்தான் தெரியும்.

நோயின் கதைக்கு வருவோம். இதிலும் லோதான் முன்னோடி. 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் விளக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி விளக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் பத்து நாளில் பழைய நிலைக்கு வந்தது. சத்துக் குறைவு, உடம்புச் சூடு, பரம்பரை என்று ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பல்லில் படியும் அழுக்குதான் ஈறு வீக்கத்துக்கு நேரடிக் காரணம் என்பதை அந்தச் சின்னச் சோதனை காட்டிக்கொடுத்தது. வீங்கிய ஈறு முழுசாகத் திரும்பும் என்பதையும் காட்டியது. நம் கையில் இருக்கும் நல்ல செய்தி அது.

அந்த அழுக்கு சாப்பாட்டுத் துணுக்கு இல்லை. கோடிக்கணக்கான கிருமிகள் பசை போட்டு ஒட்டிக்கொண்டு கட்டிய படலம். வாய் கொப்பளித்தால் போகாது, தேய்த்தால்தான் போகும். தேய்க்காமல் விட்ட இடத்தில் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து இறங்கி, சில நாளிலேயே கெட்டிப்படத் தொடங்கும். அதைத்தான் காரை என்கிறோம். இப்போது இருந்த இடத்திலேயே ஒரு காரியம் செய்யுங்கள். கீழ்வரிசை முன்பற்களுக்குப் பின்பக்கம் நாக்கு நுனியை வைத்துத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக, ஒரு படி கட்டினாற்போல் தட்டுப்படுகிறதா? நாக்குக்கு அடியில் எச்சில் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. அதனால் காரை முதலில் கட்டுவதும் அங்கேதான். இன்னொரு சுரப்பி மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, கன்னத்தின் உள்பக்கம் திறக்கிறது. அடுத்து கட்டுவது அங்கே. கண்ணுக்குத் தெரியும் காரை மஞ்சளாக இருக்கும். ஈறுக்கு உள்ளே இருப்பது கறுப்பாக, ரத்தக் கறை ஏறி, வேரை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துப் பஞ்சில் வைத்துக் காட்டினால், “இதுவா என் வாயில இருந்துச்சு” என்று முகத்தைச் சுளிக்காதவர்கள் குறைவு.

லேத் ஓட்டுகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கூலண்ட் தொட்டியின் அடியில் கசடு சேர்ந்தால், மெஷின் நிற்கும் வரை காத்திருந்து யாரும் சுத்தம் செய்வதில்லை.

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இயல்பாகவே ஒரு சின்ன இடுக்கு உண்டு. 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்ல ஈறு. படலம் உள்ளே இறங்க இறங்க இடுக்கு பள்ளமாகும். பள்ளம் ஆழமானால் பிரஷ் எட்டாது. எட்டாத இடத்தில் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் செழிக்கும். அவற்றை விரட்ட உடம்பு படை அனுப்புகிறது. அந்தச் சண்டையில் எலும்பைத் தின்பது கிருமியைவிட அதிகமாக நம் உடம்பின் சொந்தச் செல்கள்தான். இந்தச் சண்டை ஒருவருக்கு மூர்க்கமாகவும் இன்னொருவருக்கு மந்தமாகவும் நடப்பதால்தான் மலையகத்தில் மூன்று விதமாகப் பிரிந்தார்கள். வீங்கிய ஈறு திரும்பும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பாது. இருக்கிற எலும்பை நிறுத்திவைக்கலாம், சில பள்ளங்களை அறுவை சிகிச்சையில் ஓரளவு தூர்க்கலாம். அவ்வளவுதான்.

இத்தனையும் நடக்கும்போது வலி இருக்காது. சொத்தைப் பல் நரம்பைத் தொட்டால் ராத்திரி தூங்க விடாது. மனுஷன் விடிந்ததும் ஓடிவருவார். ஈறு நோய் சத்தம் போடாது. விளக்கும்போது நுரையில் கொஞ்சம் சிவப்பு. காலையில் வாய் நாற்றம். இடையிடையே ஒரு சீழ்க்கட்டி, தானே உடைந்து அடங்கிவிடும். முன்பற்களுக்கு நடுவே புதிதாக ஒரு சந்து. இதையெல்லாம் “சூடு” என்று சொல்லி இரண்டு நாள் இளநீர் குடித்துவிட்டு விட்டுவிடுகிறோம். பல் ஆடத் தொடங்கிய பிறகு வருகிறவரிடம், “எவ்வளவு நாளா ரத்தம் வருது?” என்று கேட்டால், “அது வரும் சார், எப்பவுமே வரும்” என்பார். தலை சீவும்போது தினமும் ரத்தம் வந்தால் அப்படிச் சொல்வோமா?

பல் மருத்துவக் கவுன்சில் 2002–03-ல் நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், 35-லிருந்து 44 வயதுக்குள் இருப்பவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகையில் ஈறு நோய் இருந்தது. ரத்தக் கசிவு, வெறும் காரை எல்லாமும் சேர்ந்த கணக்கு அது. 90 சதவீதம் பேருக்கும் பல் விழப்போகிறது என்று பொருளில்லை. மலையகத்தின் அந்த 8 பேர், 81 பேர், 11 பேர் எல்லாரும் இந்த 90-க்குள் கலந்து கிடக்கிறார்கள். பிரித்தெடுப்பதுதான் எங்கள் வேலை.

பிரித்தெடுக்கும் கருவி என்னவென்றால், மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பி. ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் அந்தக் கம்பியை ஈறுக்குள் மெதுவாக விட்டு ஆழம் பார்ப்போம். நான் சொல்லச் சொல்ல சிஸ்டர் எழுதிக்கொண்டே வருவார்: “மூணு, ரெண்டு, மூணு… மூணு, ரெண்டு, ஆறு.” அந்த ‘ஆறு’ வரும்போது நாற்காலியில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வலிக்கவில்லையே! கம்பியை எடுத்ததும் அந்த இடத்தில் ஒரு துளி ரத்தம் பூக்கும். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு இறங்கியிருப்பது தெரியும். இத்தனைக்கும் சில நிமிஷம் போதும்.

கிளீனிங் என்று சொன்னதும் வரும் பயத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். டன்லப் பஸ் ஸ்டாப்பிலிருந்து கரையான்சாவடி வரை எங்கே போனாலும் இதே பேச்சுத்தான்: “கிளீன் பண்ணா பல்லு ஆடும், எனாமல் போயிடும், சந்து விழும்.” இந்தப் பயத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நோய் முற்றியவருக்குக் காரைதான் ஆடும் பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் தெரியும். எலும்பு போன இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருக்கும், வீங்கிய ஈறு மூடிக்கொண்டிருக்கும். காரை போய் வீக்கமும் வடிந்தால் சந்து தெரியும். சில வாரம் பல் கூசும். ஆட்டமும் சந்தும் முன்பே இருந்தவை. சுத்தம் செய்தபோது வெளியே தெரிந்தன. இதை முன்கூட்டியே சொல்லாமல் கருவியைக் கையில் எடுப்பது மருத்துவரின் தவறு. எங்கள் தொழிலில் அந்தத் தவறு தாராளமாக நடக்கிறது.

புகையிலைக்கு வருகிறேன். குட்கா, பான் மசாலாவுக்கு இந்த மாநிலத்தில் 2013-லிருந்து தடை இருக்கிறது. தடை இருக்கிற லட்சணம் தொழிற்பேட்டை டீக்கடைப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாலே தெரியும். ஹான்ஸ், கூல் லிப் எல்லாம் கீழுதட்டில் அடக்குகிற சரக்கு. அடக்குகிற இடத்தில் ஈறு இறங்கி வேர் தெரியும். பக்கத்தில் வெள்ளைத் திட்டு படரும். அந்தத் திட்டைப் புற்றுநோய்ச் சந்தேகத்தோடுதான் நாங்கள் பார்ப்போம். பீடி, சிகரெட் வேறு வேலை செய்கிறது. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்குவதால், எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதும் ஈறில் ரத்தம் வராது. இருந்த ஒரே எச்சரிக்கையும் போய்விடுகிறது. புகைப்பவருக்கு ரத்தம் வரவில்லை என்றால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது சர்க்கரை. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வுப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். நகர்ப்புறத்தில் கூடுதல். மலையகத்துக்குப் போன அதே லோதான் 1993-ல், ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது பின்விளைவு என்று எழுதினார். கண், சிறுநீரகம், நரம்பு என்று நாம் எண்ணும் வரிசையில் ஈறையும் சேர்த்தார். கட்டுப்படாத சர்க்கரை, ஈறில் கிருமியோடு உடம்பு போடும் அந்தச் சண்டையை மூர்க்கமாக்குகிறது. நடுவில் இருக்க வேண்டியவரை வேகமான கூட்டத்தில் கொண்டுபோய்த் தள்ளுகிறது. எதிர்த்திசையிலும் உறவு உண்டு. ஈறில் ஓயாத வீக்கம் இருந்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ஈறுக்குச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) சராசரியாக 0.4 புள்ளி குறைகிறது என்று பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு சொல்கிறது. கேட்கச் சின்ன எண்தான். ஒரு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துப் பெறுகிற பலனுக்குக் கிட்டத்தட்ட அது சமம். ஆவடிப் பக்கத்திலிருந்து வந்த நாற்பது வயதுக்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஆடும் பல்லைக் காட்ட வந்தவர். பரிசோதனை முடிந்ததும் ரத்தம் எடுக்கச் சொன்னேன். “பல்லுக்கு எதுக்கு சார் சுகர் டெஸ்ட்?” என்று கோபித்துக்கொண்டு போனார். ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தபோது கூடவே மனைவியையும் அழைத்து வந்திருந்தார்.

இங்கே வந்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஈறு தடித்து வளர்ந்து பல்லை மூடும். வலிப்புக்குத் தரும் பெனிட்டாயினிலும் அப்படித்தான். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்; மாற்று உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஈறு வீங்குவது ஹார்மோனால். “பிள்ளை பெத்தா ஒரு பல்லு போகும்” என்று விட்டுவிட வேண்டியதில்லை; நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் பயமில்லாமல் சுத்தம் செய்துகொள்ளலாம்.

சரி, பல் விளக்குவது. மென்மையான பிரஷ். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் தூவிகள் சாய்வாகப் படும்படி வைத்து, அழுத்தாமல் சிறு சிறு அசைவாக, இரண்டு இரண்டு பல்லாக நகர வேண்டும். வெள்ளையடிக்கிற மாதிரி குறுக்கே இழுப்பதால் வேர்தான் தேய்கிறது. இரண்டு நிமிஷம். காலையில் விளக்குவதைவிட ராத்திரி விளக்குவது முக்கியம். தூங்கும்போது எச்சில் வற்றிவிடுகிறது. ‘ராத்திரி’ என்று நாங்கள் எழுதிக் கொடுத்துவிடுகிறோம், நைட் ஷிப்ட் பார்ப்பவர் என்ன செய்வார் என்று யோசிப்பதில்லை. செகண்ட் ஷிப்ட் முடித்து நள்ளிரவில் சாப்பிட்டு அப்படியே சாய்கிறவர், நைட் ஷிப்ட் முடித்துக் காலை எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டுப் படுக்கிறவர், இவர்களுக்கெல்லாம் ஒரே விதி: எப்போது படுத்தாலும் படுப்பதற்கு முன் ஒரு தடவை. கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

பயோரியா என்று சொல்லும் ஈறு நோய்க்கென்றே விற்கும் பற்பொடிகளைப் பற்றிக் கேட்பீர்கள். விரலால் பொடி வைத்துத் தேய்த்தால் பல்லின் முகம் பளபளக்கும். பல்லுக்கு நடுவே விரல் போகாது. ஈறு நோய் தொடங்குவது பெரும்பாலும் அந்த நடுவில்தான். உமிக்கரி, செங்கல் பொடி வேண்டவே வேண்டாம். சந்து இருப்பவர்கள் பல்லிடைப் பிரஷ் வாங்குங்கள். மருந்துக் கடையில் கிடைக்கிறது. உப்புத் தண்ணீர் கொப்பளிப்பது இதமாக இருக்கும், நோயைத் தீர்க்காது. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பான் நல்ல மருந்து. டாக்டர் சொன்ன இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பல்லில் கறை ஏறும், நாக்குச் சுவை கெடும். ஈறு வீங்கியதும் மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குகிறீர்களே, அது காசுக்குக் கேடு. காரை அங்கேயே இருக்கும்வரை மாத்திரை என்ன செய்யும்?

செலவு என்று சொல்லித் தள்ளிப்போடுகிறவர்களுக்குச் சென்னையின் இந்த மேற்குப் பகுதியில் ஒரு வசதி இருக்கிறது. வேலப்பஞ்சாவடியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, முகப்பேர் கோல்டன் ஜார்ஜ் நகரில் ஒன்று, போரூரில் ஒன்று. நகருக்குள் போனால், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி. கல்லூரிகளில் கட்டணம் வெளியே கொடுப்பதைவிடக் குறைவு; அரசுக் கல்லூரியில் இன்னும் குறைவு. மாணவர் கையால் நேரம் கொஞ்சம் பிடிக்கும், பின்னால் ஆசிரியர் நின்று பார்ப்பார். நேரம்தான் நம் ஆட்களிடம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போய்விடும்.

ஆகவே நோயாளியைக் குறைசொல்லிப் புண்ணியமில்லை. வலிக்காத நோய்க்கு யார் லீவு போட்டு வருவார்கள்? அளவுகோல்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பேட்டையில் ஒழுங்காக நடக்கும் கம்பெனிகளில் வருஷத்துக்கொரு முறை கண், காது, பிபி, சுகர் எல்லாம் பார்க்கிறார்கள். வாயைத் திற என்று யாரும் சொல்வதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவரும் சகோதரி “விளக்கும்போது ரத்தம் வருதா? பல்லு ஆடுதா?” என்று இரண்டு கேள்வி கேட்டு, ஆம் என்றால் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம்.

கம்பெனிப் பரிசோதனைக்கும் வழி இருக்கிறது. பல் மருத்துவக் கல்லூரிகளின் முகாம் வண்டிகள் இந்தச் சாலைகளில்தான் போய்வருகின்றன, பெரும்பாலும் பள்ளிக்கூடங்களுக்கு. பயிற்சி மருத்துவர்கள் இரண்டு பேர், கம்பிகள், ஒரு விளக்கு இருந்தால் ஒரு முற்பகலில் ஒரு சிறு தொழிற்சாலையையே பார்த்துவிடலாம். எல்லாப் பல்லையும் அளக்க வேண்டாம். வாயை ஆறு பகுதியாகப் பிரித்துப் பகுதிக்கு ஒரு பல்லைப் பார்த்தால் முதல் சல்லடைக்குப் போதும். 3-க்குள் இருப்பவருக்குப் பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுத்து அனுப்பலாம். 4, 5 இருப்பவருக்குக் காரை எடுக்க வேண்டும். 6-ம் அதற்கு மேலும் இருப்பவர், அதுவும் முப்பதை ஒட்டிய வயதுக்காரராக இருந்தால், அந்த வாரமே கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். கூடவே சர்க்கரையும் பார்க்க வேண்டும். இஎஸ்ஐ அட்டை இருப்பவருக்கு அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. அட்டையே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளியை என்ன செய்வது என்பதற்கு, இந்த அவையில் இருக்கும் தொழிலதிபர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் போகும் லீவு நாளுக்குக் கூலி பிடிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கூட்டம் முடிந்ததும் இதைப் பற்றிப் பேச விரும்புகிறவர்களுக்காக நான் இங்கேயே இருக்கிறேன்.